துளை எங்கே இடுவது?

மட்டக்களப்பில் ஒன்றோடொன்று மோதவிடும் போர்த்தேங்காய் ஆட்டத்துக்குக் காய் தெரிவு செய்பவர் வெளித்தோற்றத்தை நம்பமாட்டார். சிரட்டை எங்கே தடிப்பு, எந்தப் பக்கம் அடி தாங்கும் என்று தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். அங்குள்ள கல்லடியில் பலர் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருக்கக்கூடிய டென்பின் போலிங்கிலும் சங்கதி இதுதான். வழுவழுவென்று உருண்டையாகத் தெரியும் பந்தின் வயிற்றுக்குள், பெரும்பாலும் ஒழுங்கான உருண்டையாக இல்லாத ஒரு பாரக்கட்டி இருக்கிறது.

வார்க்கும்போது அந்தக் கட்டியை அச்சுக்குள் ஒரு கம்பி தாங்கிப் பிடிக்கும். கம்பியை உருவிய இடத்தை வேறு நிறப் பிசினால் அடைப்பார்கள். வெளியே பொட்டுப்போலத் தெரியும் இந்தப் ‘பின்’ புள்ளிதான் கட்டியின் தலை எங்கே என்று காட்டும் ஒரே அடையாளம். விரல் துளைகளை இடுபவர் கணக்கை இங்கிருந்துதான் தொடங்குவார்.

கணக்கின் மறுமுனை வீரரின் கை. பந்து கையை விட்டு நீங்கும் கணத்தில் சுழலச்சு பந்தின் மேற்பரப்பை வந்து தொடும் இடமான அச்சுமுனை ஆளுக்கு ஆள் மாறும். இந்தியத் தேசிய சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்ற தமிழ்நாட்டு வீரர்கள் ஷபீர் தன்கோட், ஷேக் அப்துல் ஹமீது இருவருக்கும் ஒரே வகைப் பந்தைக் கொடுத்தாலும், ஒருவருக்கு இட்ட துளை மற்றவருக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.

அந்த அச்சுமுனைக்கும் பின் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் உயிர்நாடி. பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம்; கால் சுற்று 6¾ அங்குலம். கட்டியின் தலை சரியாக அச்சுமுனையிலோ அதிலிருந்து 6¾ அங்குலத்திலோ இருந்தால் பந்து தள்ளாடாமல் சுழலும். இரண்டுக்கும் நடுவே 3⅜ அங்குலத்தில், அதாவது 45 பாகையில், தள்ளாட்டம் உச்சம். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் புதிய பகுதி தளத்தைத் தொடும். தளத்தில் பூசிய எண்ணெய் ஒட்டாத பகுதி என்பதால் பிடிமானம் கூடும். 60 அடித் தளத்தின் கடைசிப் பகுதியில் பந்து வெட்டித் திரும்பும். ஆடிமுடித்த பந்தைத் துடைக்காமல் பாருங்கள்: எண்ணெய்க் கோடுகள் விசிறிபோல விரிந்திருக்கும்.

பின் புள்ளி வழக்கமாகப் பந்தின் மேற்பரப்பில் குறித்த ஈர்ப்பு மையத்திலிருந்து 2, 3 அங்குலம் தள்ளியிருக்கும். சில பந்துகளில் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். சிலவற்றில் 5 அங்குலத்துக்கு மேல் விலகிக் கிடக்கும். இவை பிசகிய பந்துகள் என்று ஒதுக்குவோர் உண்டு. என் பார்வையில் அது அநியாயம். 7 கிலோவுக்கு மேற்பட்ட 16 இறாத்தல் பந்தில் ஈர்ப்பு மையம் சற்று விலகுவதால் வரும் விளைவு சிறிது. கட்டி எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பதே பெரிது. ஆகவே முதலில் பின் புள்ளிக்கு இடம் குறிக்க வேண்டும். ஈர்ப்பு மையம் விழும் இடத்தில் விழட்டும்.

ஆனால் சட்டம் குறுக்கே நிற்கும். பின் புள்ளியும் ஈர்ப்பு மையமும் ஒட்டியிருக்கும் பந்தில், புள்ளியை விரல்களுக்கு மேலே ஏற்றினால் பாரமும் கூடவே ஏறி, அனுமதித்த எல்லையைத் தாண்டக்கூடும். முன்பெல்லாம் தேவையற்ற பாரத்தை எடுக்க ஒரு உபரித் துளை போட்டுச் சமாளித்தார்கள். விதி வகுக்கும் அமெரிக்க போலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தடுத்துவிட்டது. விரல் நுழையாத துளைக்கு இடமில்லை. பதிலுக்கு, பக்கவாட்டில் 1 அவுன்ஸ் என்றிருந்த பார வேறுபாட்டு எல்லையை 3 அவுன்ஸாகத் தளர்த்தியது. விலகிய பின் புள்ளிக்கும் இந்தத் தளர்வு கைகொடுக்கிறது.

துளையிட்டபின் ஓரிரு முறை உருட்டிக் காது கொடுக்க வேண்டும். ‘டக் டக்’ என்று கேட்டால் பந்து துளையின் மேலேயே ஓடுகிறது. துளைகளை அடைத்து, வேறிடத்தில் மறுபடி குறிக்க வேண்டியதுதான்.