கீழே ரயில் ஓடினால் மேலே ரோடு காலியாகுமா?



இன்றைக்குத் தலைப்பு, 'பெருநகரத்தின் போக்குவரத்து நெரிசலைத் தீர்ப்பது புதிய சுரங்க ரயிலா, சாலை ஒழுங்கா?' நான் சாலை ஒழுங்கு பக்கம் நிற்கிறேன்.

எதிரணியில் பேசின அம்மா, "சப்வே வந்தால் எல்லாம் சரியாப் போகும்" என்று அடித்துச் சொன்னார். ஐயா, நம்ம ஊரில் சப்வே என்றால் என்ன? தண்டவாளத்துக்கு அடியில் குனிந்து போகிற ரோடு. தி.நகர் துரைசாமி சப்வே தெரியாதவங்க உண்டா? நாலு தூறல் பலமா விழுந்தால் அதில் வண்டி போகாது, கப்பல்தான் போகும்!

(பலத்த சிரிப்பு)

நடுவர்: அப்போ உங்க அணி கப்பல் விடச் சொல்லுதா?

இல்லைங்க ஐயா, அந்த அம்மா சொன்னது அமெரிக்காக்காரர் சொல்கிற சப்வே. பூமிக்கு அடியில் ஓடுகிற ரயில். நாம் மெட்ரோ என்கிறோமே, அது. நான் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

"திருத்தணிக்காரனுக்கு சென்னை மெட்ரோவில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். இங்கேயிருந்து சென்ட்ரல் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவன் நான். ரயிலில் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதற்கப்புறம் கிண்டிக்குப் போகணும். அந்தக் காலத்தில் சென்ட்ரல் வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, அண்ணா சாலையில் ஊர்ந்து, கிண்டி போய்ச் சேருவதற்குள் இன்னொரு திருத்தணிப் பயணம் ஆகிவிடும். என் பிள்ளை முழித்திருக்கும்போது நான் அதன் முகத்தைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். ஆகவே நெரிசல் சென்னைக்காரர் பிரச்சினை மட்டும் இல்லைங்க. அரக்கோணம், திருவள்ளூர், செங்கல்பட்டு என்று சுற்றியிருக்கிற ஊர்களின் வீட்டுப் பிரச்சினையும் அதுதான்.

(கைதட்டல்)

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். மெட்ரோவால் எனக்கு நன்மை உண்டு. 2018 மே மாதம் சென்ட்ரலுக்கு மெட்ரோ வந்தது. 2019 பிப்ரவரி 10-ஆம் தேதி டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரை திறந்ததும், சென்ட்ரலில் ஏறினால் அண்ணா சாலைக்கு அடியிலேயே போய் கிண்டியில் இறங்கலாம் என்று ஆனது. வேர்வை இல்லை, ஹாரன் இல்லை. 2024-ஆம் வருஷத்தில் மட்டும் சென்னை மெட்ரோவில் 10 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் நடந்திருக்கின்றன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,90,000. இது சின்னக் கணக்கு இல்லை.

சரி, கீழே இவ்வளவு பேர் போகிறார்களே, மேலே அண்ணா சாலை காலியாச்சா?

(அரங்கத்திலிருந்து: "இல்லை! இல்லை!")

அந்தச் சாலையில் தேனாம்பேட்டையையும் சைதாப்பேட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பூமிக்கு அடியில் 2018 மே மாதத்திலிருந்து ரயில் ஓடுகிறது. ஆறு வருஷம் முடிவதற்குள், 2024 ஜனவரியில், அதே இடத்துக்கு மேலே 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 621 கோடி ரூபாய். கீழே இருக்கிற சுரங்கத்துக்குச் சேதம் வராமல் மேலே தூண் நிறுத்தணும் என்று இன்ஜினியர்கள் தனியாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது. நான் கேட்கிறேன், ரயில் வந்து ரோடு காலியாகியிருந்தால் அந்த ரயிலுக்கு மேலே எதற்குங்க பாலம்?

(பலத்த கைதட்டல்)

ஏன் இப்படி ஆகிறது? இதற்குக் காரணம் சொன்னவர் ஆந்தனி டவுன்ஸ் என்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர். 1962-லேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னதை நம்ம கோவில் வரிசையை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

கிருத்திகை அன்றைக்குக் கோவிலில் நீண்ட வரிசை. கூடுதலாக ஒரு வரிசை திறக்கிறார்கள். வரிசை பாதியாகும் என்று நினைக்கிறோம். ஆனால் "இன்றைக்குக் கூட்டம் குறைவாம், சீக்கிரம் சாமி பார்க்கலாமாம்" என்று ஊருக்குள் செய்தி போகிறது. நாளைக்கு வரலாம் என்று இருந்தவர் இன்றைக்கே கிளம்புகிறார். வரிசை பழைய நீளத்துக்கு வந்துவிடுகிறது. தரிசனம் பண்ணினவர் எண்ணிக்கை கூடியது, அது லாபம்தான். ஆனால் வரிசை குறையவில்லை.

ரோட்டிலும் இதேதான். நான் ஒருத்தன் பஸ்ஸை விட்டு மெட்ரோவுக்குப் போனேன், கார்க்காரர் ஒருத்தரும் மெட்ரோவுக்குப் போனார் என்று வையுங்கள். ரோட்டில் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு மூன்று பேர் வருவார்கள். நெரிசலுக்குப் பயந்து காலை ஏழு மணிக்கே கிளம்பிக்கொண்டிருந்தவர், "இப்பதான் ரோடு ஃப்ரீயாச்சே" என்று ஒன்பது மணிக்குக் கிளம்புவார். இது முதல் ஆள். சந்து பொந்தெல்லாம் சுற்றிப் போனவர் நேர் ரோட்டுக்கு வருவார். இது இரண்டாவது ஆள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தவர் தவணையில் ஒரு வண்டி வாங்கிவிடுவார். இது மூன்றாவது ஆள். மூன்று பேரும் வந்ததும் ரோடு பழையபடி ஆகிவிடும்.

இதை நிபுணர்கள் கணக்குப் போட்டும் பார்த்துவிட்டார்கள். 2011-இல் டியூரான்டன், டர்னர் என்ற இரண்டு பேராசிரியர்கள் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து எழுதினார்கள். ரோடு எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது. பொதுப் போக்குவரத்தைக் கூட்டினாலும் மொத்த வண்டி ஓட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றார்கள்.

நடுவர்: அப்போ மெட்ரோவே வேண்டாம், மூடிடலாம்கறீங்களா?

ஐயா, அப்படிச் சொன்னால் முருகன் என்னை மன்னிக்க மாட்டார். நாளைக்கு நான் கிண்டிக்கு எப்படிப் போவேன்? (சிரிப்பு) மூடினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 2003-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பஸ், ரயில் ஊழியர்கள் 35 நாள் வேலைநிறுத்தம் பண்ணினார்கள். அந்த ஊரில் பெரும்பாலானவர் காரில் போகிறவர்கள். பஸ், ரயிலில் போகிறவர் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்த நாட்களில் நெடுஞ்சாலைகளில் சராசரித் தாமதம் 47 சதவீதம் கூடியது என்று மைக்கேல் ஆண்டர்சன் என்கிற பொருளாதார ஆய்வாளர் பின்னால் கணக்கெடுத்து எழுதினார். ஆக, ரயில் இல்லாவிட்டால் ரோடு இன்னும் மோசமாகும். ரயில் வந்ததாலேயே ரோடு காலியாகிவிடும் என்பதும் நடக்காது. இரண்டும் உண்மை. எதிரணி முதல் உண்மையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவதைச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

அடுத்து, வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனிக்கணும். மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அப்பா, அம்மா, டிக்கெட் வாங்குகிற வயதில் இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் கிளம்பினால் நாலு டிக்கெட். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ. இறங்கின இடத்திலிருந்து கல்யாண மண்டபத்துக்கு இன்னொரு ஆட்டோ. அந்த அம்மா சட்டென்று மனக்கணக்குப் போட்டு, "ஏங்க, ஒரு லிட்டர் பெட்ரோல்ல போயிட்டு வந்துடலாமே" என்பார். அவ்வளவுதான், நாலு பேரும் ஒரே டூவீலரில் ஏறிவிடுவார்கள். அது ஆபத்து, சட்டப்படி தப்பு. தெரிந்தும் ஏறுகிறார்கள். ஏன்? ஸ்டேஷன் வாசலோடு நம்ம பொறுப்பு முடிந்தது என்று திட்டம் போடுகிறவர் நினைத்துவிட்டார். வீட்டு வாசலிலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது என்பது இல்லத்தரசிக்குத் தெரிகிறது.

(பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்)

சென்னையில் இதற்கு ஒரு பழைய பாடமே இருக்கிறது. பறக்கும் ரயில். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி என்று வந்தது. அரண்மனை மாதிரி ஸ்டேஷன் கட்டினார்கள். ஆனால் பஸ் ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம், டிக்கெட் வேறு வேறு, இறங்கி நடக்கிற வழியில் வெளிச்சம் இல்லை. பல வருஷம் அந்த அரண்மனைகளில் ஆள் நடமாட்டமே குறைவு. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கிற 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில்தான் வந்தது. பறக்கும் ரயில் வந்து முப்பது வருஷம் கழித்து!

சரி, வெளியூரில் என்ன பண்ணினார்கள்? இரண்டு ஊரைச் சொல்கிறேன். ஒன்று லண்டன். உலகத்திலேயே முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10-ஆம் தேதி அங்கேதான் ஓடியது. எதிரணி சொல்வதுபோல் இருந்தால் லண்டனில் நெரிசலே இருக்கக் கூடாது. ஆனால் 140 வருஷம் சுரங்க ரயில் ஓட்டின பிறகும் 2003 பிப்ரவரி 17 முதல், "நகரத்தின் நடுவே கார் கொண்டு வந்தால் ஒரு நாளைக்கு 5 பவுண்டு கட்டு" என்று சட்டம் போட வேண்டி வந்தது. முதல் வருஷத்தில் அந்த எல்லைக்குள் நுழைகிற வண்டிகள் 18 சதவீதம் குறைந்தன, நெரிசல் சுமார் 30 சதவீதம் குறைந்தது. 140 வருஷம் ரயிலால் ஆகாதது ஒரு வருஷத்தில் ஆனது.

இன்னொன்று நம்ம சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிற சிங்கப்பூர். அவர்கள் தலைகீழாகப் போனார்கள். 1975-லேயே நகர மையத்துக்குள் வருகிற காருக்குக் கட்டணம் போட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1987-இல்தான் அவர்களுக்கு மெட்ரோ ரயில் வந்தது. முதலில் ரோட்டை ஒழுங்கு பண்ணினார்கள், பிறகு ரயில் விட்டார்கள். அதனால் ரயில் கொடுத்த இடம் ரோட்டில் அப்படியே நின்றது.

நடுவர்: நல்லா இருக்கு. ஆனா நம்ம ஊர்ல வண்டிக்குக் காசு கேட்டா ஏழை எங்கே போவான்?

நியாயமான கேள்விங்க ஐயா. லண்டனில் பஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை, மோட்டார் சைக்கிளுக்கும் இல்லை. வசூலான பணத்தைப் போக்குவரத்துக்கே செலவு பண்ணணும் என்று விதி வைத்தார்கள். நம்ம ஊரில் முதலில் கேட்க வேண்டியது என்ன? ரோட்டோரத்தில் நாள் பூராவும் சும்மா நிற்கிற காருக்கு வாடகை. ஒரு கார் பிடித்திருக்கிற இடம் எல்லாருடைய வரிப்பணத்தில் போட்ட ரோடு. அதை எடுத்துவிட்டால் அந்த வரிசையில் பஸ் தடையில்லாமல் போகும். பஸ்ஸில் போகிறவர் யார்? 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்த பிறகு ஏறினார்களே, வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள், பூ விற்கிற பாட்டிகள். அந்த பஸ் கார்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றால் ஏழைக்குத்தானே நஷ்டம்?

(நீண்ட கைதட்டல்)

இதெல்லாம் நம்ம ஜனங்களிடம் நடக்காது என்பவர்கள் எங்கள் மலையைப் பாருங்கள். மேலே போக 365 படி இருக்கிறது, வண்டிப் பாதையும் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குத் தமிழ்நாட்டுக் காவடியும் வரும், ஆந்திரக் காவடியும் வரும். ரோட்டில் பாதி வண்டி தமிழில் ஹாரன் அடிக்கும், பாதி தெலுங்கில் அடிக்கும்! (சிரிப்பு) அன்றைக்கு எல்லாக் காரையும் மேலே விட்டால் என்ன ஆகும்? அதனால் சொந்த வண்டியை அடிவாரத்தோடு நிறுத்தி, மேலே போக பஸ் விடுகிறார்கள். பெரிய கார்க்காரரும் அந்த பஸ்ஸில்தான் ஏறணும். யாரும் சண்டை போடுவதில்லை. ஏன்? இறங்கின இடத்தில் பஸ் தயாராக நிற்கிறது, விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறது. லண்டன் செய்ததும் இதே காரியம்தான்.

கடைசியாக ஒரு கணக்கு. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். ஒரு பஸ் ஒரு கோடி என்று தாராளமாக வைத்தாலும், ஒரே ஒரு கிலோமீட்டர் காசில் 500 பஸ் வாங்கலாம். ரயில் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு காசு போட்டுக் கீழே வழி பண்ணிவிட்டு, மேலே பஸ்ஸுக்குத் தனி வழி இல்லை, நடக்கிறவருக்கு பிளாட்பாரம் இல்லை, நிறுத்துகிற காருக்கு வாடகை இல்லை என்றால், ரயில் திறந்த அன்றைக்கு ரிப்பன் வெட்டுகிற காரே டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும்.

(பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, சுரங்க ரயில் எனக்கு நேரம் கொடுத்தது. என் பிள்ளை தூங்குவதற்கு முன்னால் இப்போது நான் சில நாள் வீடு போய்ச் சேருகிறேன். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் ரோட்டில் ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்கணும், பஸ்ஸில் நிற்கிற அந்தப் பூக்காரப் பாட்டியும் நேரத்தோடு வீடு போகணும் என்றால், அதற்குப் பூமியைத் தோண்டினால் மட்டும் போதாது. ரோட்டை யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஆட்சி செய்கிறவரும் நாமும் சேர்ந்து முடிவு பண்ணணும். ஆகவே நெரிசலைத் தீர்ப்பது சாலை ஒழுங்கே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.