மருத்துவக் கட்டணக் கோரல் (ஐக்கிய அமெரிக்கா)

மருத்துவக் கட்டணக் கோரல் என்பது, மருத்துவர் தாம் அளித்த சேவைக்கான கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ அரசிடமிருந்தோ முறைப்படி கேட்டுப் பெறும் செயற்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் தனியார் காப்பீடுகளும், 1965இல் உருவாக்கப்பட்ட மெடிக்கேர் (முதியோருக்கானது), மெடிக்கெய்ட் (வருவாய் குறைந்தோருக்கானது) ஆகிய அரசுத் திட்டங்களும் கட்டணத்தின் பெரும்பகுதியைச் செலுத்துகின்றன. பணம் செலுத்துவோர் சிகிச்சையை நேரில் காண்பதில்லை. எனவே மருத்துவர் எழுதும் குறிப்பே கோரிக்கைக்குச் சான்றாகும்.

தமிழ்நாட்டில் இத்துறை "மெடிக்கல் பில்லிங்" என்றே அறியப்படுகிறது. அமெரிக்க மருத்துவர்களுக்காக இப்பணியைச் செய்யும் நிறுவனங்கள் பல சென்னையில் உள்ளன.

குறியீடுகள்

ஒவ்வொரு கோரிக்கையிலும் இருவகைக் குறியீடுகள் இடம்பெறும். நோய் இன்னதென ஐசிடி-10-சிஎம் குறியீடு காட்டுகிறது. இது 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. செய்த சேவை இன்னதென அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் சிபிடி குறியீடு காட்டுகிறது. 2021 முதல், மருத்துவரின் அலுவலகத்தில் நிகழும் சந்திப்பின் நிலை, மருத்துவ முடிவின் சிக்கலைக் கொண்டோ அன்று மருத்துவர் செலவிட்ட மொத்த நேரத்தைக் கொண்டோ தீர்மானிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, கட்டுப்பாட்டில் உள்ள நீரிழிவுக்காக மட்டும் பழைய நோயாளி ஒருவர் வந்து மருந்து பெற்றுச் சென்றால், பொதுவாக 99213 பொருந்தும். அதே வருகையில் அவரது உயர் இரத்த அழுத்தத்தையும் ஆராய்ந்து அதற்கும் மருந்து எழுதினால், கட்டணம் கூடிய 99214 பொருந்தும். இரத்த அழுத்தத்தை ஆராய்ந்தும் அதைக் குறிப்பில் எழுதாவிடில், மருத்துவர் உரிய தொகையை இழக்கிறார். ஆராயாமலே 99214 இட்டால் அது மிகைக் குறியீடு ஆகும். "எழுதப்படாதது செய்யப்படாதது" என்பது இத்துறையில் வழங்கும் கூற்று.

மிகைக் குறியீட்டால் நோயாளியும் பாதிக்கப்படுகிறார். மெடிக்கேரின் மருத்துவர் சேவைப் பிரிவில், ஆண்டுக் கழிவுத் தொகைக்குப் பின் பொதுவாக 20 விழுக்காட்டை நோயாளியே செலுத்த வேண்டும். கட்டணம் உயர்ந்தால் அவரது பங்கும் உயரும்.

சட்டங்கள்

* பொய்க் கோரிக்கைச் சட்டம் (1863): உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பொருள் விற்றோரின் மோசடியைத் தடுக்க இயற்றப்பட்டது. இன்று அரசுத் திட்டங்களுக்கு அனுப்பப்படும் மருத்துவக் கோரிக்கைகளுக்கும் இது பொருந்துகிறது. மும்மடங்கு இழப்பீடும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனித் தண்டமும் விதிக்கப்படலாம். ஏமாற்றும் எண்ணம் நிறுவப்பட வேண்டியதில்லை. உண்மையைப் பொருட்படுத்தாத பெரும் அலட்சியமே போதும்.
* ஹிப்பா (1996): நோயாளியின் தகவல்களைக் காக்கும் கடமை மருத்துவருக்கும், அவருக்காகக் கோரிக்கை அனுப்பும் நிறுவனத்துக்கும் உண்டு.
* 2010ஆம் ஆண்டுச் சட்டம்: அரசுத் திட்டங்களிலிருந்து கூடுதலாகப் பெற்ற தொகை கண்டறியப்பட்டால், பொதுவாக 60 நாட்களுக்குள் அதை அறிவித்துத் திருப்பித் தர வேண்டும்.

அறியாமல் நேர்ந்த எழுத்துப்பிழை மோசடி ஆகாது. பிழையை அறிந்தபின் பணத்தை வைத்துக்கொள்வதே சட்டப்பொறுப்பை உண்டாக்கும்.

ஒழுங்கு பேணும் முறைகள்

சிறிய மருத்துவ அலுவலகங்களுக்கான வழிகாட்டுதலை அமெரிக்க சுகாதார, மனித சேவைகள் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2000இல் வெளியிட்டது. இது கட்டாயமன்று, அலுவலகத்தின் அளவிற்கேற்பப் பின்பற்றலாம். இத்துறையில் பரிந்துரைக்கப்படும் முறைகளுள் சில:

* சிகிச்சைக் குறிப்பைக் காலந்தாழ்த்தாது எழுதுதல். முந்தைய வருகையின் குறிப்பை அப்படியே படியெடுத்து ஒட்டாதிருத்தல்.
* ஆண்டுக்கு ஒருமுறையேனும், ஒரு மருத்துவருக்கு ஐந்து முதல் பத்துக் குறிப்புகளை எடுத்துக் கோரிக்கைகளுடன் ஒப்பிட்டுத் தணிக்கை செய்தல்.
* மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் காரணத்தை அறிந்து திருத்துதல். மெடிக்கேர் கோரிக்கைகளைச் சேவை நாளிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும்.
* நோயாளி செலுத்த வேண்டிய பங்கை வழக்கமாகத் தள்ளுபடி செய்யாதிருத்தல். வறியோர்க்கு அவரவர் நிலையை ஆராய்ந்து தள்ளுபடி தரலாம்.
* பிழையைக் கண்ட ஊழியர் அச்சமின்றித் தெரிவிக்க, பொறுப்பாளர் ஒருவரை அமர்த்துதல்.

கோரல் பணியை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும், தம் பெயரில் செல்லும் கோரிக்கைக்கான பொறுப்பிலிருந்து மருத்துவர் விடுபடுவதில்லை.