ஏலமலை அடிவாரம் – 12: ஓவியக் கூடத்தில் உறுமிச் சத்தம்

பொட்டிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் நினைவுக்கு வரும். 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த, ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் ஆய்வுக்கூடத் திட்டத்தைப் பற்றிச் சென்ற வாரங்களில் பேசினோம். அந்த விவகாரத்தில் விஞ்ஞானிகள் பேசினார்கள், கட்சிக்காரர்கள் பேசினார்கள், வழக்கறிஞர்கள் பேசினார்கள். மலையடியில் பிறந்து பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பஸ் ஏறும் பிள்ளைகள் பேசி நாம் கேட்டது மிகக் குறைவு. பெரிய நிறுவனம் எதுவானாலும் அதற்குள் அந்த ஊர்ப் பிள்ளைகளின் குரலுக்கு என்ன இடம் என்ற கேள்வி என்னை விடவில்லை. இந்த வாரம் அதை ஓர் ஓவியக் கூடத்தின் வாசலில் நின்று கேட்கிறேன்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் லேடி டோக் கல்லூரியிலும் படித்த பலருக்கு ஓபர்லின் என்ற பெயர் பழக்கமானது. ஒஹாயோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் இருக்கும் கல்லூரி அது. அங்கே பட்டம் முடித்த இளைஞர்கள், ‘ஓபர்லின் ஷான்சி’ அமைப்பின் வழியாக இந்த இரண்டு கல்லூரிகளுக்கும் வந்து தங்கிப் பாடம் நடத்துவது நெடுங்கால வழக்கம். அந்த ஓபர்லினில் 1865 முதல் ஓர் இசைக்கல்லூரி இருக்கிறது. 1917இல் கட்டிய ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகமும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. மாணவர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வழிகாட்டிகளாக நின்று, வருகிறவர்களுக்குப் படங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். இசை மாணவர்கள் கூடத்துக்குள் வந்து வாசிக்கிறார்கள்.

இதையெல்லாம் விட என்னைக் கவர்ந்தது அங்கே 1940இல் எலன் ஜான்சன் தொடங்கிவைத்த ஏற்பாடு. கலை நூலகராக வேலைக்குச் சேர்ந்து பின்னாளில் பேராசிரியரானவர் அவர். அருங்காட்சியகத்தின் அசல் ஓவியங்களையும் அச்சுப்படங்களையும் மாணவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் விடுதி அறையில் மாட்டிக்கொள்ளலாம். பருவத்துக்கு, படம் ஒன்றுக்கு ஐந்து டாலர்தான். பிக்காசோவின் அச்சுப்படம்கூட அப்படிப் போகும். முதல் ஆளாக நிற்பதற்காக முந்தின நாள் இரவே கூடாரம் போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். பொருட்காட்சிக்கு வந்த கூட்டம்போல ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பார்வைக்கும், மாதக்கணக்கில் தூங்கி எழும்போதெல்லாம் பார்க்கிற பார்வைக்கும் எவ்வளவு தூரம்! அப்படிப் பார்த்த பிள்ளைக்குப் படத்தைப் பற்றிப் பேச யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

இது பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம் சென்னை அருங்காட்சியகமே ஒரு கல்லூரிக் கட்டடத்தில் பிறந்ததுதான். 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் அதைத் தொடங்கினார். மூன்று ஆண்டு கழித்து அது எழும்பூருக்குப் போனது. அருங்காட்சியகம் பிறப்பதற்கு ஓராண்டு முன்னால், 1850இல், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற இன்னொரு மருத்துவர் சென்னை ஓவியப்பள்ளியைத் தொடங்கியிருந்தார். எழும்பூர் வளாகத்தில் 1896இல் நாடக அரங்கமும் எழுந்தது. பாட்டுக்கும் பேச்சுக்கும் அது தனிக் கட்டடம். படமும் சிலையும் இருந்த கூடங்களில் அமைதி மட்டும் மிஞ்சியது. இந்தப் பிரிவினையை நாம் இயற்கையானது என்றே எடுத்துக்கொண்டோம்.

ஆனால் நம் சுவர்கள் அப்படி இருந்தவையல்ல. திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் பதினேழாம் நூற்றாண்டில் தீட்டிய முசுகுந்தன் கதைக்குக் காட்சிதோறும் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எழுத்தறிந்தவர் அருகிய அந்தக் காலத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பார்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் மலையடிவாரத்துப் போடி ஜமீன் அரண்மனைச் சுவரிலும் ராமாயணக் காட்சிகள் உண்டு. அந்த ஜமீன் கம்பளத்து நாயக்கர் வழி. தேவதுந்துபி முழங்க ஆடுகிற தேவராட்டம் அதே சமூகத்தின் ஆட்டம். ஓவியமும் ஆட்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்த ஊரில்தான் இன்று ஓவியத்தைத் தனியாகவும் ஆட்டத்தைத் தனியாகவும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

போடியில் ஏலக்காய் விவசாயிகளின் சங்கம் உண்டாக்கிய கல்லூரி இருக்கிறது. அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. ஏதாவது ஒரு கல்லூரியில் ஒரே ஓர் அறையை ஓவியக் கூடமாக ஒதுக்கினால் போதும். அசல் ஓவியம் வாங்க இலட்சங்கள் வேண்டாம். அரண்மனைச் சுவரோவியங்களை முறையாக அனுமதி பெற்றுப் படமெடுத்து, பெரிய அளவில் நல்ல தாளில் அச்சிட்டு மாட்டலாம். பக்கத்தில் வைக்கும் விளக்கத்தை மாணவர்கள் எழுதட்டும். கீழே எழுதியவர் பெயரும் ஊரும் வரட்டும்.

ஏன் மாணவர்கள்? விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிற பெண்களின் பிள்ளைகள் இந்த வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டி ஓடும் சரங்களில் காய்க்கிறது. பறிக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் இருக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் சீதை வனத்தில் இருக்கும் காட்சியைப் பார்த்தால் அவள் கண் முதலில் மரத்தின் உச்சிக்குப் போகுமா, அடியில் இருக்கும் மண்ணுக்குப் போகுமா? காட்டில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு என்ன சொல்லும்? அதை எந்தக் கலை வரலாற்று நூலும் எனக்குச் சொல்லாது. அவள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

இசையைக் கூடத்துக்குள் கொண்டுவருவதில் நடைமுறைச் சிக்கல் உண்டு, அதை மறைக்க வேண்டாம். கல் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எதிரொலி நீளும். பறையும் உறுமியும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள், படம் இருக்கும் அறையில் தீ ஆகாது. கூட்டத்தின் மூச்சும் வியர்வையும் அறையின் ஈரத்தைக் கூட்டும், தாளில் அச்சிட்ட படத்துக்கு அது பகை. ஆகவே தோல்கருவிகள் முற்றத்தில் முழங்கட்டும். உள்ளே ஒரு தனிக் குரலோ, ஒரு புல்லாங்குழலோ போதும். நடவுப்பாட்டோ ஒப்பாரியோ தெரிந்த பாட்டிகளைப் பேத்திகளே அழைத்து வரலாம். பாடிய பாட்டைப் பதிவுசெய்து படத்தருகே ஒரு காதொலிப்பானில் வைத்தால், அடுத்த நாள் வருகிறவருக்கும் கிடைக்கும். பாடியவருக்குச் சன்மானம் கட்டாயம் உண்டு. சால்வையோடு முடித்துவிடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது.

பக்கத்திலேயே முன்மாதிரியும் இருக்கிறது. தொண்டியிலிருந்து மதுரை, போடி, மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையின் மேற்கு முனையில், கொச்சி–முசிறி பினாலே என்ற ஈராண்டுக் கலைக்காட்சியின் அமைப்பு 2014 முதல் மாணவர்களுக்கென்றே தனி பினாலே நடத்துகிறது. நாட்டின் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே படைப்புகளை வைக்கிறார்கள். போடியில் கலைக்கென்று தனிக் கல்லூரி இல்லை என்பது தடையாக வேண்டியதில்லை. வணிகவியல் படிக்கிற பையனும் படம் பார்ப்பான், பாடுவான்.

இந்தப் பக்கத்துப் பாட்டுக்கு மலையேறிப் பழக்கம் உண்டு. பொட்டிபுரத்திலிருந்து தேவாரம் தாண்டிப் போனால் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடிப் பாடி வாக்குச் சேகரித்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)