மிரட்டுபவனின் மூலதனம்

சம்பா அறுவடை முடிந்து, நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துத் தார்ப்பாய் போர்த்தி, தம்முடைய முறை வரும்வரை இரவெல்லாம் அதன் பக்கத்திலேயே காவல் கிடக்கும் தஞ்சாவூர் ஜில்லா விவசாயியின் வீட்டிலே, களத்து வேலையின் களைப்பால் தாயார் எட்டு மணிக்கே கண்ணயர்ந்துவிட, எட்டாம் வகுப்புப் பையன் மட்டும் குடும்பத்தின் பழைய கைப்பேசியோடு விழித்திருக்கிறான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட காலத்தில், பாடத்துக்கென்று பல வீடுகளுக்குள் பிரவேசித்த சாதனம் அது. பள்ளி திறந்த பின்னரும் அது வெளியேறவில்லை.

அதனால் விளையக்கூடிய அபாயத்தைப் பற்றி, தஞ்சாவூரையும் தன் அதிகார எல்லைக்குள் கொண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு முன்பே கவலை கொண்டது. 2019 ஏப்ரல் 3ஆம் தேதி நீதிபதிகள் என்.கிருபாகரனும் எஸ்.எஸ்.சுந்தரும் டிக்டாக் செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டார்கள். முன்பின் அறியாதவர்களின் வலையில் சிறுவர் சிறுமியர் சிக்கக்கூடும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. அதே மாதம் 24ஆம் தேதி நிபந்தனையோடு தடை நீங்கிற்று. மறு வருஷம் ஜூன் 29ஆம் தேதி மத்திய சர்க்கார் வேறு 58 செயலிகளோடு சேர்த்து அதைத் தடை செய்தபோது சொன்ன காரணமோ தேசத்தின் பாதுகாப்பு. குழந்தைகளின் பேச்சே அதில் இல்லை. செயலி போயிற்று, பார்த்தவர்களும் ஆடியவர்களும் வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, வீட்டில் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். கைப்பேசி விளையாட்டின் நடுவே, தன் வயதுப் பையன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அறிமுகமாகிறான், ஆட்டத்தைப் புகழ்கிறான், விளையாட்டுக்கு வேண்டிய வைரங்களை இனாமாகத் தருகிறான், பிறகு வாட்ஸப்புக்கு அழைக்கிறான், ஒரு நாள் அந்தரங்கமான படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். மறுகணமே, “பணம் அனுப்பு, இல்லையேல் உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்” என்ற செய்தி வருகிறது. இந்தப் பாதகனிடம் வேறு ஆயுதமே கிடையாது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்: அப்பாவிடத்தில் பிள்ளைக்குள்ள பயம் ஒன்றே அவனுடைய மூலதனம். கைப்பேசியைப் பிடுங்கி, முதுகில் நாலு வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற தகப்பனார், தம்மை அறியாமலே அந்த மூலதனத்தைப் பெருக்கிக் கொடுக்கிறார்.

இரவில் கைப்பேசியைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவைப்பதும், பணம் செலுத்தும் ரகசிய எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலிருப்பதும், கணக்குத் தொடங்கும்போது பிள்ளையின் வயதை உள்ளபடியே பதிவதும் உபயோகமான ஏற்பாடுகளே, ஆனால், “என்னடா ஆயிற்று?” என்று அடிக்காமல் கேட்கும் தகப்பனாருக்கு ஈடாக இவற்றுள் ஒன்றும் நில்லாது.

சட்டம் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவரின் ஆபாசப் படத்தைக் காட்டி மிரட்டுவதே தண்டனைக்குரிய குற்றம். அத்தகைய படங்களை வைத்திருந்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை, 2024 செப்டம்பர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுவே சாட்சி. பணம் போய்விட்டிருந்தால் தாமதமின்றி, இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், பிள்ளையே அழைக்கவும் செய்யலாம்.