கவசமே சுடும்போது

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத் தோல் ஷாப்புகளுக்கு வயரிங் வேலைக்குப் போகிறவர்கள் இன்று இழுக்கும் கேபிள், முந்தைய தலைமுறை இழுத்த கேபிள் அல்ல.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் தோலை ஊறவைத்த காலத்தில் மின்சாரத்துக்குப் பெரிய வேலை இல்லை. தோலை உருட்டிப் பதனிடும் டிரம் வந்த பிறகும் ஒரே மோட்டார் நீண்ட ஷாஃப்ட்டைச் சுற்ற, பெல்ட் வழியாகப் பல டிரம்கள் உருண்டன. அதற்கு ஒரு மூன்றரை கோர் ஆர்மர்டு கேபிள் போதும். மூன்று ஃபேஸும் நியூட்ரலும் ஒரே உறைக்குள், மேலே இரும்புக் கவசம்.

இன்று டிரம்முக்கு ஒரு மோட்டார். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பளித்த பின், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான பம்பும் காற்றூட்டியும் வேறு சேர்ந்துகொண்டன. 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் என்றால் முழுச் சுமையில் ஏறக்குறைய 700 ஆம்பியர். அதைத் தாங்கும் அளவுக்குத் தடித்த மூன்றரை கோரைப் பேனலுக்குள் வளைப்பது பெரும்பாடு. அதனால் ஃபேஸுக்குத் தனித்தனியாக சிங்கிள் கோர்.

பழைய பழக்கம் ஆபத்தாவது இங்கேதான். மூன்று ஃபேஸும் ஒன்றாக ஓடும்போது அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனிக் கோரில் அழிக்க ஆள் இல்லை. ஏசி மின்னோட்டம் சுற்றியுள்ள இரும்பை ஓயாமல் காந்தமாக்கித் திருப்பும். சுழல் மின்னோட்டமும் சேரும். கேபிளில் எந்தப் பழுதும் இல்லாமலே கவசம் சூடேறி, இன்சுலேஷனை வாட்டிவிடும். அதனால் ஏசிக்கு சிங்கிள் கோர் என்றால் அலுமினியக் கவசம்தான் வேண்டும். பிரிட்டிஷ் வயரிங் விதி பிஎஸ் 7671, இரும்புக் கவச சிங்கிள் கோரை ஏசிக்குத் தடையே செய்கிறது. டிசியில் இந்தத் தொல்லை கிடையாது.

சரியான கேபிளை வாங்கிவிட்டு, அது பேனலுக்குள் நுழையும் கிளாண்டு பிளேட்டில் கோட்டைவிடுவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. இரும்புத் தகட்டில் ஃபேஸுக்கு ஒரு துளை போட்டால், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் இரும்புக் கவசத்தைப் போலவே ஓர் இரும்பு வளையம் உருவாகிவிடுகிறது. அலுமினியத் தகடு போட வேண்டும்; இல்லாவிட்டால் துளைகளுக்கு நடுவே வெட்டி இடைவெளி விட வேண்டும். வழியில் மூன்று கேபிளையும் முக்கோணமாக ஒட்டிக் கட்ட வேண்டும்.

எர்த்தையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். கவசத்தின் இரு முனையையும் இணைத்தால் அதில் மின்னோட்டம் சுற்றி வரும். ஒரு முனையை மட்டும் இணைத்தால் மறுமுனையில் வோல்டேஜ் நிற்கும். நீளத்தையும் சுமையையும் கணக்கிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தோல் ஷாப்பில் இன்னொன்றும் உண்டு. உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். சுண்ணாம்புக் குழிப் பக்கம் கேபிள் போனால், மேலுறையில் ஒரு கீறல்கூட விழாமல் இழுத்து, கிளாண்டை ஈரம் புகாதபடி மூட வேண்டும்.