நட்சத்திரக் குறியும் பாட்டியின் தாலாட்டும்

கணினியில் சுட்டியை அழுத்தி வேலை வாங்குவது நாம் அனைவரும் அறிந்ததே. ஆணைகளைத் தட்டெழுதியும் வேலை வாங்கலாம். அவ்வாணைகளை ஏற்றுச் செயல்படுத்தும் மென்பொருளை ‘ஷெல்’ என்பர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் பால் ஃபால்ஸ்டாட் 1990இல் எழுதிய ‘இசட் ஷெல்’ அவற்றுள் ஒன்று. 2019 முதல் மேக் கணினிகளில் இயல்பாக அமைந்திருப்பதும் இதுவே.

இதன் போக்கை மாற்ற நூற்றுக்கும் மேற்பட்ட விருப்பத் தேர்வுகள் உள்ளன. ‘செட்ஆப்ட்’ என எழுதித் தேர்வின் பெயரைத் தந்தால் அது இயங்கத் தொடங்கும். ‘-எம்’ என்பதையும் சேர்த்தால், முழுப் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறியிட்ட ஒரு வடிவத்தை மேற்கோள் குறிக்குள் தரலாம். அவ்வடிவத்தில் அடங்கும் எல்லாத் தேர்வுகளும் ஒரே நேரத்தில் இயங்கும்.

என் பாட்டி ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அவர் சொல்லும் பெரட்டுக் கதைகளே இதற்கு நல்ல உவமை. கங்காணி “முனியம்மா” என்றால் ஒருவர் வருவார். “முனி என்று தொடங்குகிறவர்கள் வாருங்கள்” என்றால் முனியாண்டியும் முனிரத்தினமும் சேர்ந்தே வந்து நிற்பார்கள்.

எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. மறைந்திருக்கும் கோப்புகளையும் நட்சத்திரக் குறிக்குள் கொண்டுவரும் தேர்வின் பெயர் ‘குளோப் டாட்ஸ்’. அது நினைவுக்கு வராததால், ‘குளோப்’ என்ற சொல்லின் இருபுறமும் நட்சத்திரமிட்டு ஆணையிட்டேன். வேண்டியது வந்தது. ‘நல் குளோப்’ என்பதும் கூடவே வந்தது. பொருத்தமான கோப்பே இல்லாத வடிவத்தை, பிழை என்று சொல்லி நிறுத்தாமல், ஆணையிலிருந்து சத்தமின்றி நீக்கிவிடுவது அதன் வேலை.

பாட்டியின் குரலை இரண்டு கோப்புகளாகப் பதிவு செய்திருந்தேன். முதலாவதில் தோட்டக் கதை, இரண்டாவதில் தாலாட்டு. இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்னும் கோப்புறைக்கு நகர்த்த எண்ணி, ‘பாட்டி*’, ‘காப்பு*’ என இரு வடிவங்களைத் தந்தேன். ‘காப்பு’ என்று தொடங்கும் கோப்புறை ஏதுமில்லை. ஆகவே இரண்டாம் வடிவம் மறைந்தது. எஞ்சியவை பாட்டியின் இரு கோப்புகளே. முதல் கோப்பை இரண்டாவதன் பெயருக்கு மாற்றச் சொல்வதாக ஆணை அமைந்துவிட்டது. தாலாட்டு அழிந்தது.

நண்பர்களே, மூன்றை நினைவில் கொள்ளுங்கள். வடிவத்தைத் தருமுன், ‘செட் -ஓ’ ஆணையால் தேர்வுகளின் பட்டியலைப் பார்த்து எவை அகப்படும் என்று அறியுங்கள். கோப்புகளை நகர்த்துமுன் அதே வடிவங்களை ‘பிரிண்ட்’ ஆணைக்குத் தந்து, அவை எவ்வாறு விரிகின்றன என்று பாருங்கள். தவறு நேர்ந்தால் ‘அன்செட்ஆப்ட் -எம்’ கொண்டு அதே வடிவத்தால் திருத்த முயலாதீர்கள்; முன்பே இயங்கிக் கொண்டிருந்த தேர்வுகளும் அணைந்துவிடும். அந்தச் சாளரத்தை மூடிப் புதிதாகத் திறப்பதே நல்லது.

அடுத்த விடுமுறையில் பாட்டி மீண்டும் பாடினார். இரண்டு வரிகள் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.