பச்சைக் குழந்தையின் குடலில் முதலில் யார்?

பின்லாந்தின் ஹெல்சிங்கியில், சிசேரியனில் பிறந்த ஏழு குழந்தைகளுக்குப் பாலோடு இன்னொன்றையும் கலந்து புகட்டினார்கள். பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே அவரவர் தாயிடம் எடுத்து, நோய்க்கிருமி இல்லையென்று சோதித்து வைத்திருந்த மலத்தின் கரைசல் அது. சேர்ந்த தாய்மார் 17 பேர்; சோதனைகளைத் தாண்டித் தேர்வானவர்கள் 7 பேர்தான். 2020இல் ‘செல்’ இதழில் முடிவு வெளியானது. மூன்று மாதத்தில் இந்தக் குழந்தைகளின் குடல் பாக்டீரியாக்கள், சுகப்பிரசவக் குழந்தைகளுடையதை ஒத்துவிட்டன. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். ஆனால் சுகப்பிரசவத்தில் இது யாரும் புகட்டாமலேயே நடக்கிறது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஆய்வாளர்களின் கவனம் வேறிடத்தில் இருந்தது. 2010இல் மரியா டொமிங்குவெஸ் பெல்லோ குழுவினர், வெனிசுவேலாவின் அமேசான் பகுதியிலுள்ள புவெர்ட்டோ அயகுச்சோவில் 9 தாய்மாரையும் அவர்களுக்குப் பிறந்த 10 குழந்தைகளையும் ஆராய்ந்தார்கள். சுகப்பிரசவக் குழந்தைகளிடம் தாயின் பிறப்புறுப்பில் வாழும் லாக்டோபேசிலஸ் வகையறா இருந்தது. சிசேரியன் குழந்தைகளிடம் இருந்தவை தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை. அப்படியானால் பிறப்புறுப்பின் கசிவைத் துணியில் ஏந்தி, பிறந்ததும் குழந்தையின் வாயிலும் உடம்பிலும் தடவிவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள்.

2019இல் பிரிட்டனில் கிட்டத்தட்ட 600 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு இந்தக் கணக்கைக் கலைத்தது. குடலில் நிலைத்தவை பெரும்பாலும் பிறப்புறுப்பின் கிருமிகள் அல்ல; தாயின் குடலில் வாழ்பவை. பிறக்கும் வழியும் ஆசனவாயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், வெளியே வரும்போதே பிள்ளைக்கு அவை தொற்றிக்கொள்கின்றன. சிசேரியன் குழந்தைகள் பலரிடம் பாக்டீராய்டிஸ் என்ற முக்கியமான குடல்வாசி ஏறக்குறைய காணவே இல்லை. அந்த இடத்தில் என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா என ஆஸ்பத்திரிகளில் உலவும் கிருமிகள் இருந்தன.

தாயின் எடை இந்தக் கதைக்குள் வருவதும் இதே வாசல் வழியாகத்தான். 2016இல் நோயல் முல்லர், டொமிங்குவெஸ் பெல்லோ உள்ளிட்டோர், பிறந்து சில நாள்கூட ஆகாத 74 குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்தார்கள். கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடியிருந்த தாய்மாருக்குச் சுகப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளிடம் பாக்டீரியாக் கூட்டம் தனியாகத் தெரிந்தது, பாக்டீராய்டிஸ் அதிகம். சிசேரியன் குழந்தைகளிடம் தாய் ஒல்லியா பருமனா என்ற வேறுபாடே தென்படவில்லை. எடை கூடினால் தாயின் குடல்வாசிகளும் மாறுகின்றன; அவை பிள்ளைக்குப் போகும் பாதையை ஆபரேஷன் துண்டித்துவிடுகிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். சிறிய ஆய்வுதான், சுகப்பிரசவக் குழந்தைகளும் அதில் குறைவு. ஆனால் எடையையும் பிரசவ முறையையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் விடை தப்பும் என்பதை இது காட்டிவிட்டது.

ஒரு இடத்தில் இல்லாததால் கவலை தரும் அதே பாக்டீராய்டிஸ், இன்னொரு இடத்தில் பருமனான தாயின் அடையாளமாக நிற்பதையும் கவனியுங்கள். தயிர் டப்பா விளம்பரங்களின் ‘நல்ல பாக்டீரியா’ பேச்சை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரசவ முறையை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. எடை கூடிய தாய்மாருக்குச் சிசேரியன் ஆகும் வாய்ப்பே அதிகம். கத்தி வைக்கும் முன் தாய்க்குத் தொற்று வராமலிருக்க ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். தாய்ப்பால் தொடங்குவதும் தாமதமாகிறது. இந்தத் தாமதம் சின்ன விஷயமில்லை. தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் உள்ள திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைத் தொகுதி. குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. அது குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியாவுக்கான சாப்பாடு.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5. உயிர்காக்கும் ஆபரேஷனுக்காக எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை, தடவிவிடும் வேலையை வீட்டில் முயலவும் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தாய் வார்டுக்கு வருவதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் கரைந்துவிடும். அதற்குள் சேனை தொட்டுவைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு ஒரு பெரியம்மா வேறு தயாராக நிற்பார்.